கெட்டில் ஆவியில் பிரித்த கவர்

6-9-66, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். இலை அசையவில்லை.

பெற்ற மகள் தன் புருஷனுக்கு எழுதிய கடிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தவன் நான். பதினேழு நாளாக இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை, மனைவி மீனாட்சி எடுத்துப் படித்துவிடுவாள் என்ற பயத்தில். (அவளுக்கு என் கையெழுத்து புரியாது. ட்ராயிங் வாத்தியார் கையெழுத்து. படம் சுமாராக இருக்கும், எழுத்து கோழி கிளறியது போல.) இன்று எழுதிவிடுகிறேன்.

நடந்தது இது. ஆகஸ்ட் 14, சிவகாமிக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். மாப்பிள்ளை சேது நாகபுரிக்கும் அந்தப் பக்கம் ஓர் ஆலையில் ஃபிட்டர். தந்தி அடிக்கிறேன் என்றேன். சி. (சிவகாமிதான்) கூடாது என்றுவிட்டாள்.

"தந்தின்னா அவுக பதறிப்போவாகப்பா. அவுக அப்பா செத்த சேதி தந்தியிலதான் வந்துச்சு. நானே நிதானமா எழுதுறேன்."

கல்லலில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "ஒங்க வீட்டுக் கடுதாசியிலயே நான் சொன்னேன்னும் எழுதிப்புடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். ஆக, இரண்டு குடும்பத்துச் சேதிக்கும் ஒரே கவர்.

20-ம் தேதி எழுதினாள். குழந்தையின் பாதத்தைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து அதையும் சேர்த்தோம். வரைந்தது நான். இந்த வருஷத்தில் நான் போட்ட ஒரே உருப்படியான படம். ஒட்டி என்னிடம் தந்தாள். மேல்விலாசம் இங்கிலீஷில் எழுதியது நான். தபாலில் சேர்த்ததும் நான். நடுவில் ஒரு கால்மணி நேரம்.

மீ. கோயிலுக்குப் போயிருந்தாள். சி. தூக்கம். விறகடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கவர் கனம். மூன்று தாள். மூன்று தாளுக்கு என்ன இருக்கும், நம்மைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அகம்பாவம். என்னைப் பற்றி ஒன்றரை வரிதான் இருந்தது: 'அப்பா சிரிக்க வைக்கிறேன் என்று தையல் பிரிகிற அளவுக்குப் படுத்துகிறார்.'

கடைசித் தாளில் இருந்ததை மறக்க முடியவில்லை. 'பெண் பிறந்ததில் உங்களுக்கு மனக்குறை என்றால் பதில் போட வேண்டாம். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்வேன். யாரையும் விட்டுக் கேட்க மாட்டேன்.'

சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். காயட்டும் என்று சாமி படத்தடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். சாயங்காலம் வந்து, கவரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பேப்பருக்குள் சுருட்டி எடுத்துப்போய்ப் பெட்டியில் தள்ளினேன். திருடன் பண்டத்தைக் கிணற்றில் போடுவது போல.

போக ஆறு நாள், வர ஆறு நாள். இரண்டாம் தேதி வந்திருக்க வேண்டும். இன்று ஆறு. வாரம் தவறாமல் எழுதுகிற பிள்ளை. கடைசியாக அவர் கடிதம் வந்தது 25-ம் தேதி. இந்தக் கவர் போய்ச் சேருமுன் எழுதியது அது. அதற்குப் பிறகு ஒரு கார்டு இல்லை.

சி. ஏன் ஒன்றுமே கேட்காமல் இருக்கிறாள் என்று மீ.க்குப் புரியவில்லை. எனக்குத் தெரியும். தெரியும் என்று வாயைத் திறக்க முடியாது.


7-9-66, புதன்

எட்டாம் வகுப்புக்குக் குத்துவிளக்கு வரையக் கொடுத்தேன். பாதிப்பேர் அகப்பை வரைந்திருக்கிறார்கள். மார்க் போட மனசில்லை, எல்லாருக்கும் பாஸ்.

தபால்காரர் இருளப்பன் மணி அடித்தால் சி. ஜன்னலோரம் வந்து நிற்பாள். இன்று மணி அடித்தும் வரவில்லை. குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இருளப்பனைத் தெருமுனையில் மடக்கினேன்.

"இருளப்பா, வடக்கே ஒரு கடுதாசி போட்டுப் பதினெட்டு நாளாச்சு. பதிலைக் காணோம்."

"நீங்க போட்ட கடுதாசியா? வெளாட்டா ஏதாச்சும் எழுதியிருப்பீக. கோவிச்சுக்கிட்டாகளோ என்னமோ."

"எம் மக எழுதுனது. வழியில காணாமப் போகுமா?"

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் போல.

"போகும். சுளுவாப் போகாது. வெலாசம் தப்புன்னா திரும்பி வந்துரும், பின்னாடி நம்ம வெலாசம் இருந்தா. எழுதுனீகளா?"

எழுதவில்லை.

"சரி. ஸ்டாம்பு உரிஞ்சு விழுந்துருச்சுன்னா அங்குட்டுக் காசு கேப்பாக. குடுக்கலைன்னா கெடக்கும். பெரிய கவரோட வாயி தொறந்திருந்து, நம்ம சின்னக் கவரு அதுக்குள்ள நொழஞ்சு வேற ஊரு போறதும் உண்டு. அதே பேருல இன்னொருத்தன் இருந்தா வாங்கி வச்சுக்கிருவான். இதெல்லாம் எப்பவோ ஒண்ணு வாத்தியாரய்யா."

"மத்ததெல்லாம்?"

"போய்ச் சேந்துரும். சேந்த பொறகு நடக்குறதுக்குச் சர்க்கார் பொறுப்பில்ல." குரலைத் தாழ்த்தினார். "கொத்தமங்கலத்துல ஒரு வீட்டுல மருமகளுக்கு வர்ற கடுதாசியெல்லாம் அரிசிப் பானைக்குள்ள போயிரும். மாமியா வேல. அந்தப் புள்ள புருசன் எழுதலைன்னு அழுகுது. அவன் அங்க இவ எழுதலைன்னு அழுகுறான். நான் ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்குறேன்."

வேறு சமயமாக இருந்தால் இந்தக் கதையை ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தது:

ஆவியில் ஸ்டாம்பு இளகியிருக்கும்.
சோற்றுப் பசை. கரப்பான் தின்றிருக்கும். கவர் வாய் பிளந்து தாள் எங்கோ கொட்டியிருக்கும்.
மேல்விலாசத்து மை ஆவியில் கரைந்திருக்கும். பார்க்காமல் அல்லவா போட்டேன்.
இவை ஒன்றுமே இல்லாமல், கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அவர் படித்து, கடைசித் தாளில் சொன்னபடி நடந்துகொள்கிறார்.

நான்காவதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. முதல் மூன்றில் ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் குற்றவாளியாக வேண்டும் என்று நானே நேர்ந்துகொள்வது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல். ஒரு விகடமும் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம். ஆறு நாள் ஆகும்.


8-9-66, வியாழன்

சாயங்காலம் இடி. மழை இல்லை.

சி. இரண்டு வாய் சாப்பிட்டாள். "வயிறு சரியில்லைம்மா." மீ. ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தபோது பார்த்தேன். கொல்லையில் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே பார்த்துக்கொண்டு. வாளி இல்லை, கயிறு இல்லை. சும்மா.

"என்னம்மா பாக்குற?"

"தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாத்தேன்."

"கெடக்கா?"

"நெறையக் கெடக்கு."

என் உயிர் என்னிடம் இல்லை. மத்தியானப் பீரியடுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பிவிட்டுக் கிணற்றடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாளிக்கயிற்றை அவிழ்த்து வைக்கோலுக்கடியில் ஒளித்தேன். கயிற்றை ஒளித்து என்ன லாபம், விழுகிறவளுக்குக் கயிறு எதற்கு என்று பிறகுதான் உறைத்தது. அதற்குள் மீ. வந்துவிட்டாள்.

"என்னாங்க, கவுத்தக் காணோம்."

"இத்துப் போச்சு. புதுசு வாங்கணும்."

"போன மாசந்தானே வாங்கினீக. அங்க உக்காந்து என்ன செய்யிறீக?"

"கிணறு வரையிறேன்."

வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பென்சில்கூட இல்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்ளப் போனாள். இத்தனை வருஷமாக நான் கோமாளி. அதனால் எந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு வசதி.


9-9-66, வெள்ளி

சம்பந்தியம்மா கல்லலிலிருந்து காலை ரயிலில். பனங்கற்கண்டு, காப்பரிசி, குழந்தைக்கு வசம்புக் காப்பு. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூக்கு யார் ஜாடை என்று அரைமணி நேரம். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, எம்மவனுக்கு எழுதுனீகளா?"

"எழுதியாச்சு."

"என்ன எழுதுனீக? பொம்பளப்புள்ளன்னு நேராச் சொன்னீகளா, இல்ல வெளாட்டா ஏதும் எழுதிப்புட்டீகளா?"

போன வருஷம் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று இவர் கேட்டனுப்பியதற்கு, 'தெரியும், சாப்பிடத்தான் ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதியவன் நான். அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறாராம்.

"சிவகாமிதான் எழுதுனா தங்கச்சி."

"பெறகு ஏன் எனக்கும் ஒரு வரி இல்ல? எம்மவன் பொண்ணு பொறந்ததுக்கு மொகஞ்சுளிக்கிறவன் இல்ல." இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று. அவருக்கும் அதே பயம்தான். "அவனுக்கு ஒரு கொணம். பயந்துட்டான்னா வாயே தொறக்க மாட்டான். சின்னதுல தேளு கொட்டுனதக்கூட மறுநாளுதான் சொன்னான்."

சி. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

13-ம் தேதி குழந்தைக்கு முப்பதாம் நாள். அன்று தொட்டிலில் போட வேண்டும். தள்ளி வைத்தாயிற்று. சோசியர் நாள் சரியில்லை என்றார் என்று சொன்னோம். எந்தச் சோசியர் என்று சம்பந்தியம்மா கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.


12-9-66, திங்கள்

காற்று. கண்ணெல்லாம் செம்மண்.

இரண்டு நாள் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. அரிசிக் கடை வரிசையில் ஒன்றரை மணி நேரம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர், யாரோ ஒருவன் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஊர் வம்பென்றால் கழுத்தை நீட்டிக் கேட்பவன் நான். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இன்று துணிந்தேன். சி. கோபித்தாலும் சரி, தந்தி. தாயும் சேயும் நலம், உடனே எழுதவும் என்று நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை.

தந்தி குமாஸ்தா எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னைக்குப் பொறந்துச்சு சார்?"

"ஆகஸ்ட் பதினாலு."

"பொறந்து ஒரு மாசங்கழிச்சுத் தந்தி அடிக்கிற மொத ஆளு நீங்கதான்."

பின்னால் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பழக்கதோஷம்.


14-9-66, புதன்

தந்தி சேரவில்லை. தகவல் வந்திருக்கிறது: விலாசதாரர் ஊரில் இல்லை.

நாலைந்து தடவை படித்தேன். ஊரில் இல்லை என்றால் எங்கே? வேலையை விட்டுவிட்டாரா? யாரோடு? கை கால் அடிபட்டு வேறெங்காவது கிடக்கிறாரா? பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாரா? நான் போன வாரம் போட்ட கடிதமும் பூட்டிய கதவின் முன்னால் கிடக்கும்.

தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு செருப்புக்குள் வைத்தேன். பிறகு கிழித்துச் சாக்கடையில் போட்டேன். ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் வாத்தியார், "என்னய்யா, நாலு நாளா ஒரு வார்த்தை சிரிக்கப் பேசலை. ஒடம்புக்கு முடியலையா?" என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் சி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அப்பா, டீச்சர் ட்ரெயினிங்கு இப்ப அப்ளிகேசன் போட முடியுமா?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். எத்தன வயசு வரைக்கும் எடுத்துக்கிருவாக?"

கிணற்றடியில் நின்று அவள் பார்த்தது தண்ணீரை இல்லை என்று அப்போது புரிந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பதில் வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டாயிற்று. யாரையும் கேட்கவில்லை. எழுதியபடியே செய்கிறாள்.

விழுந்துவிடுவாளோ என்று பயந்தேனே, அந்தப் பயம் போய் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இது பெரிது. இவள் உறுதியாக இருக்கிறாள்.

நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. கெட்டில், சோற்றுப் பருக்கை, கடைசித் தாள், தந்தி. காலையிலேயே.


15-9-66, வியாழன்

காலையில் சொல்லவில்லை. காலையில் ட்ராயிங் பரீட்சை என்று எனக்கு நானே சாக்கு.

பதினொரு மணிக்கு இருளப்பன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் தபால் எதுவும் இல்லை. அது இன்னும் பயம்.

"வாத்தியாரய்யா, ஒங்க மாப்பிள்ளை காலை வண்டிக்கு வந்துட்டாக போல. ரயிலடி டீக்கடையில உக்காந்திருக்காக. வீட்டுக்குப் போகலையான்னேன். என்னயப் பாத்து, 'காரியம் என்னைக்கு முடிஞ்சுச்சு'ன்னு கேக்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. வாங்க."

அவருடைய சைக்கிள் கேரியரிலேயே போனேன். வழியில் என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை.

பெஞ்சில் தாடியோடு ஒரு ஆள். பத்து வயசு கூடியிருந்தது. பக்கத்தில் பெட்டி. பெஞ்சின் மறுகோடியில், பெட்டியைத் தொடாமல் தனியே, பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

"மாப்ளே."

எழுந்து நின்றார். "மாமா, நான் கொள்ளி வைக்கக்கூட வரலையே மாமா."

"யாருக்கு?"

பொட்டலத்தைக் காட்டினார். பிரித்தேன். நான் போட்ட கவர். ஸ்டாம்பு இருந்தது. விலாசம் சரியாக இருந்தது. சோற்றுப் பசை கெட்டியாக இருந்தது. பிரிக்கப்படவே இல்லை. ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, கறுப்பு.

சாவுச் சேதிக்குத்தானே மூலையில் கறுப்புத் தடவுவோம். வாங்கியவன் வாசலுக்கு வெளியே நின்று படித்துக் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்டாட்டி. கறுப்பு மூலை. மேல்விலாசம் அவள் கையெழுத்தில்லை, மாமனார் கையெழுத்து. இதற்குமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா?

"கூட இருக்கவரு கண்டரமாணிக்கத்துக்காரரு. அவருதான் மொதல்ல பாத்தாரு. 'சேது, உள்ள கொண்டாராதே, அங்கனயே நின்னு படி'ன்னாரு. நின்னேன். பிரிக்க முடியலை மாமா. வெளிய செவுத்து மேல ஒரு செங்கல்லுக்கு அடியில வச்சேன். தெனம் வேலைக்குப் போகையில பாப்பேன், வரையில பாப்பேன். பிரிச்சாத்தானே நெசம்."

லீவு கேட்டாராம். காரணம் எழுதச் சொன்னார்களாம். அதை மட்டும் எழுத மாட்டேன் என்று இருந்திருக்கிறார், இரண்டு வாரமாக. கடைசியில் கண்டரமாணிக்கத்துக்காரரே 'மனைவி காலமானார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி லீவு எடுத்துக் கொடுத்து ரயில் ஏற்றியிருக்கிறார்.

"மாப்ளே, சிவகாமி நல்லா இருக்கா. பொண்ணு பொறந்திருக்கு. வீட்டுல ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காக."

என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"மாமா, நீங்க எதையும் வெளாட்டாச் சொல்லுவீக. இதுல வேணாம்."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஆயுள் முழுக்கச் சம்பாதித்த பேர், தேவைப்பட்ட ஒரே நாளில் குறுக்கே வந்து நின்றது. இருளப்பன்தான் சொன்னார்: "நேத்துக்கூடப் பாத்தேன் தம்பி. புள்ள அழுதுச்சு. ஒங்க வீட்டுக்காரக தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு நின்னாக." தபால்காரர் சொன்னதை நம்பினார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இருளப்பன் நிற்கிறார், டீக்கடைக்காரர் நிற்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன்: "அது கரி மாப்ளே. கெட்டில் கரி. நான்தான் ஆவியில காட்டிப் பிரிச்சேன். அதுலதான் ஒட்டியிருக்கு."

டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

வீடு. சி. கூடத்தில் குழந்தையோடு. மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்தாள், நகரவில்லை.

"நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீகளா?"

நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா மூச்சு வாங்குகிறாரா தெரியவில்லை. அவள் என் கையில் இருந்த கவரைப் பார்த்தாள். வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

"பிரிக்கவே இல்லையா?"

அவளே கிழித்தாள். பாதம் வரைந்த தாளை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மற்ற மூன்று தாளையும் கவரையும் அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

"அதுல என்ன எழுதியிருந்த?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல. அப்பா படுத்துறதப் பத்தி."

அவர் தாளைத் தரையில் விரித்து, குழந்தையின் காலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார். விரல்கள் கோட்டுக்கு வெளியே நின்றன. வளர்ந்துவிட்டது.

மீ. பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து, "வாங்க மாப்ளே, என்ன சொல்லாமக் கொள்ளாம" என்றாள்.


16-9-66, வெள்ளி

டீக்கடையில் சொன்னது காலைக்குள் ஊர் முழுக்க. ஹெட்மாஸ்டர், "ஆவி பிடிச்சா ஜலதோசத்துக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கெட்டில் வரைந்திருந்தது. மூக்கு கச்சிதம். என் வகுப்பில் இவ்வளவு நன்றாக யாரும் வரைந்ததில்லை.

சம்பந்தியம்மா வந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுது, என்னை ஏசிவிட்டு, மறுபடி அழுதார்.

சி. நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. மத்தியானம் தானே வந்தாள்.

"படிச்சீகளா?"

"ஆமா."

"கடைசித் தாளும்?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எதுக்காகச் சாப்பிடாம இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தலையை ஆட்டினேன்.

"படிச்சதக்கூட விட்டுர்றேம்ப்பா. தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம கெணத்தடியில நாற்காலி போட்டு உக்காந்திருந்தீகளே."

போய்விட்டாள். அவளிடம் போய்ப் பேசுவதற்குப் பதில் கயிற்றை ஒளித்தவன் நான்.

இன்னொரு பயம்: ஆலை ரிஜிஸ்டரில் இவள் செத்துப்போயிருக்கிறாள். குடும்பத்தோடு குடியிருக்க வீடு கேட்டு எழுதினால் என்ன சொல்வார்களோ. மாப்பிள்ளை போய்ச் சரிசெய்கிறேன் என்கிறார். பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை யார் நம்பப் போகிறார்கள்.


18-9-66, ஞாயிறு

தூறல். முதல் தடவையாகக் கொஞ்சம் குளிர்ச்சி.

தொட்டில் போடுவது வருகிற வெள்ளி. சி. இன்று, "காப்பி ஆறுது" என்றாள். என்னிடம்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு இந்த இரண்டு வார்த்தைதான். எண்ணி வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கெட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்புகிறார். அதைத் தூக்கிப் பரணில் போடப்போனேன்.

மீ. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து மடியில் போட்டிருந்தாள். "அத ஏன் தூக்குறீக?"

"இந்தக் கரியாலதானே எல்லாம். கவரு மூலையில ஒட்டி, மாப்பிள்ளை சாவுக் கடுதாசின்னு நெனச்சு."

"எந்தக் கவரு மூலையில?"

சொன்னேன். அவளிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் பிரித்துப் படித்தது, மாப்பிள்ளை பயந்துபோனது, அவ்வளவுதான்.

குழந்தையின் கன்னத்தில் மை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அது கரி இல்லைங்க. நான் வச்ச மை. சாமி படத்துக்கிட்ட இருந்துச்சுல்ல, அப்ப வச்சேன். புள்ள பாதம் அம்புட்டு ஊரு தாண்டிப் போகுதே, கண்ணுப்படாம இருக்கட்டும்னு. கொஞ்சம் பெருசாவே வச்சேன்."